காலண்டரில் நின்ற மரம்

— நிறுத்தாத சார், குத்து. கடப்பாரைய ரெண்டு கையால புடிச்சுக் குத்து. ரேஞ்சர் ஜீப்பு ஜமுனாமரத்தூர வுட்டுக் கெளம்பிடுச்சாம்.

— தசரதண்ணா, இது கேமரா புடிக்கிற கை. கொப்புளம் வந்துடுச்சு பாருங்க.

— எனக்கு வெலங்கே வரப்போவுது. கொப்புளம் பெருசா, வெலங்கு பெருசா? நாயமா சொல்லு.

— முதல்ல கார் சாவியக் குடுங்க. மேகம் தரையில எறங்கிடுச்சு, பள்ளம் பூரா பால் ஊத்துன மாதிரி கீது, ஓடியா சார்னு போன் பண்ணீங்க. வாணியம்பாடியிலேருந்து பல்லுகூட வெளக்காம ஓடி வந்தேன். வந்து பாத்தா வெயில் மண்டையப் பொளக்குது. சாவியப் புடுங்கிக்கிட்டு கடப்பாரையக் குடுக்கிறீங்க.

— பின்ன? என்மேல கேசு போடப் போறாங்க, வந்து சாட்சி சொல்லுன்னு கூப்ட்டா வந்திருப்பியா?

— வந்திருக்க மாட்டாருண்ணா. மேகம்னு சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான் வந்தாரு. இவரு கூடப்பொறந்த தங்கச்சி நிக்காஹ் அன்னிக்கு, மாப்பிள்ளை கார் தெருமுனைக்கு வந்துடுச்சு, பொண்ணோட அண்ணனைக் காணோம். எங்கடான்னு பாத்தா, ஏலகிரி மேல மேகம் உக்காந்திருக்குன்னு மொட்டை மாடியில தண்ணி டேங்க் மேல நிக்கிறாரு. அடுத்த நிமிஷம் மூடியோட உள்ள போயிட்டாரு. மாப்பிள்ளைக்கு ஈரச் சட்டையோட போய் சலாம் சொன்னாரு.

— ஷாஸியா, இது எதுக்கு இப்ப?

— அந்தத் தண்ணியிலதாண்ணா பிரியாணிக்கு அரிசி களைஞ்சாங்க. இன்னிவரைக்கும் சம்பந்தி வூட்டுக்குத் தெரியாது.

— நீ போய் கார்ல உக்காரு.

— கார் அடுப்பு மாதிரி கொதிக்குது. கண்ணாடிய எறக்கலாம்னா சாவி அண்ணன் மடியில இருக்கு. நான் இப்படி பலா மர நெழல்லயே உக்காந்துக்கிறேன். நீங்க தோண்டுங்க, மாஷா அல்லாஹ், நல்லாத்தான் தோண்டுறீங்க.

— நீயே சொல்லுமா, உன் வூட்டுக்காரருக்கு நான் இன்னா கெடுதல் பண்ணேன்? சாமை வெதைச்சமா, பலாக்காய எறக்கினமா, திருப்பத்தூர் சந்தைக்குப் போனமான்னு கீறவன் நானு. திடீர்னு ஃபாரஸ்ட்டு வாச்சரு வர்றாரு. கையில காலண்டரு. தசரதா, இது உன் நெலம்தானேன்றாரு. பாத்தேன். என் பாறை, என் சரிவு, பின்னால என் மலை. ஆமாங்கன்னேன். எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு. அப்பறம் மெதுவா கேக்கறாரு, இதுல நிக்கிற மரம் எங்கடான்னு.

— அண்ணா, ஒரு நிமிஷம், நான் வெளக்கமா சொல்றேன்.

— நீ வெளக்க வாணாம். காலண்டர்ல படத்துக்கு அடியில இன்னா எழுதிக் கீதுன்னு மட்டும் படி. இந்தா.

— கண்ணாடி கார்ல இருக்கு.

— நான் படிக்கிறேன் குடுங்கண்ணா. ‘ஜவ்வாது மலையின் கடைசிச் சந்தனம். படம்: தானிஷ்.’ கீழ இவரு செல் நம்பர்.

— கடைசிச் சந்தனமாம். கேட்டியா? இருந்த கடைசி ஒண்ணையும் வெட்டி வித்துப்புட்டியேடான்றாங்க. சந்தன மரம் சார் அது. வாழ மரம் இல்ல. இந்த மலையில வேற எது காணாம போனாலும் ஒருத்தனும் கேக்க மாட்டான். சந்தனம் காணோம்னா பொறந்த கொழந்தையக்கூட எழுப்பிக் கேப்பாங்க.

— அது சும்மா எடுப்பா இருக்கட்டும்னு வெச்ச பேருண்ணா. அன்னிக்கு விடியக்காலையில ஒரே பனி. மரம்னு தெரிஞ்சுது, அவ்வளவுதான். சந்தனமா, புங்கமா, வேப்பமான்னு நான் எங்க கண்டேன்? ‘ஜவ்வாது மலையில் ஏதோ ஒரு மரம்’னு போட்டா எவன் பரிசு குடுப்பான்?

— உனக்குப் பரிசு, எனக்கு ஜெயிலா? நாயமா?

— எனக்குத் தெரிஞ்சா அவங்க காலண்டர் அடிச்சாங்க? போட்டி நடத்தினவங்க முதல் பரிசு படத்தை ஊரு பூரா அடிச்சு வுட்டுட்டாங்க. அதுல ஒண்ணு ரேஞ்சர் ஆபீஸ் செவுத்துக்கு வரும்னு நான் கனவா கண்டேன்?

— சரி, போனது போவட்டும். ஒரே ஒரு வார்த்தை. ஜீப்பு வந்து நின்னதும், ஐயா அங்க மரமே இல்ல, நான்தான் கம்ப்யூட்டர்ல ஒட்டினேன்னு சொல்லிடு. சாவியத் தர்றேன். ஒரு பலாப்பழமும் தர்றேன்.

— ஒட்டலியே அண்ணா.

— ஒட்டினேன்னு சொல்லேன்.

— எப்படி சொல்றது? கம்ப்யூட்டர்ல கை வெக்கக் கூடாது, படத்துல மனுஷன் நெழல்கூட இருக்கக் கூடாது, அதான் அந்தப் போட்டியோட சட்டமே. சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். ஒட்டினேன்னு ரேஞ்சர்கிட்ட சொன்னா நாளைக்கே பேப்பர்ல வந்துடும். பரிசு போவும், பேரு போவும். எங்க மாமனார் ஷூ கம்பெனியில திரும்பவும் தோலுக்கு நம்பர் குத்துற வேலைக்குப் போகணும்.

— அப்ப மரம் இருந்துச்சுன்ற?

— இருந்துச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்.

— எங்க?

— இங்க. பாறைக்கு சோத்துக்கை பக்கம், இதோ, நான் நிக்கிற எடம்.

— அப்ப வேரு எங்க?

— அதானே எனக்கும் புரியல.

— அதுக்குத்தான் தோண்டச் சொல்றேன். நான் தோண்டிக் காட்டினா, வேரையும் புடுங்கிட்டான்னுவாங்க. நீ தோண்டு. உன் கையால தோண்டி, உன் கண்ணால பாத்து, இங்க வேரும் இல்ல மண்ணும் இல்லன்னு நீ சொல்லு. போட்டோ புடிச்சவனே சொன்னா நம்புவாங்க.

— அண்ணா. ஏதோ தட்டுப்படுது.

— இன்னா தட்டுப்படுது?

— வழவழன்னு. உருண்டையா. வேர்தான் இது. நான் சொன்னேன்ல? இருங்க, ஒரே போடு.

— சார், போடாத. சார்.

— யப்பா. தண்ணி.

— அது வேரு இல்ல சார், என் பைப்பு. கெணத்துலேருந்து சாமைக்குப் போற பைப்பு. அடப்பாவி மனுஷா, கட்டை வெரல வெச்சு அடை. அடைச்சுனே இரு.

— கேமரா பை நனையுது ஷாஸியா. எடு, எடு.

— எடுத்துட்டேன். அசையாம நில்லுங்க. தண்ணி உங்க சட்டைப் பையிலதான் போவுது, செல்லு அதுலதானே இருக்கு?

— யா அல்லாஹ்.

— ஓடிப் போயி மோட்டார நிறுத்திட்டு வர்றேன். வெரல எடுத்தீன்னா பாரு சார்.

— ஏங்க.

— என்ன?

— அவரு வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லட்டா?

— நான் பைப்ப அடைச்சுக்கிட்டு நிக்கிறேன், நீ கதை சொல்றியா?

— கதை இல்ல. அந்தப் பரிசு போச்சுன்னா ரொம்ப வருத்தப்படுவீங்களா?

— கேக்கற கேள்வியப் பாரு. அது ஒண்ணுதான் ஷாஸியா. இத்தினி வருஷத்துல உங்க அப்பா முன்னாடி நிமிந்து உக்காந்தது அந்த ஒரு படத்தால. அடுத்த மாசம் மெட்ராஸ்ல ஆள் ஒசரத்துக்கு அடிச்சு வெக்கப் போறாங்க. பரிசு போனா நான் என்ன, வெறும் மொட்டை மாடிப் பைத்தியம்தானே?

— ம். சரி. ஒண்ணும் இல்ல.

— என்னவோ சொல்ல வந்தியே?

— மெதுவா சொல்லிக்கிறேன். அண்ணன் வர்றாரு.

— நின்னுடுச்சா தண்ணி? வெரல எடு. அடக் கடவுளே, வெடிச்ச கொய்யா மாதிரி ஆக்கி வெச்சுக்கிறியே பைப்ப. இன்னிக்கு பாஞ்சாலி என்னை வூட்டுக்குள்ள சேத்த மாதிரிதான்.

— உங்க வீட்டம்மாவா? ஏன், ஏற்கெனவே சண்டையா?

— எல்லாம் உன்னாலதான் சார். வாச்சரு வந்துட்டுப் போனதும் எனக்கே புத்தி பேதலிச்சுப் போச்சு. போட்டோவுல இருந்தா இருந்திருக்கும்தானே? நமக்குத்தான் கண்ணுல படலியோன்னு ஒரு சந்தேகம். அப்ப யாரு வெட்டினது? நான் சந்தைக்குப் போற நாளுல இந்தப் பக்கம் வர்றவன் என் மச்சான் கோபால்சாமி ஒருத்தன்தான். போன் போட்டுக் கேட்டுட்டேன், சந்தன மரத்த நீ எடுத்தியாடான்னு. அவன் அக்காகிட்ட அழுதுட்டான். அவ கரண்டிய எடுத்துட்டா. ரெண்டு நாளா மாட்டுக் கொட்டாயிலதான் படுக்கறேன்.

— பாவம் அண்ணா நீங்க. இவராலதான் எங்க தெருவுலயும் பாதி வூட்டுல எங்களோட பேச்சு இல்ல. எதிர் வூட்டு ஷாஹீன் காயப்போட்ட துணி மலைய மறைக்குதுன்னு கொடிக்கயித்தையே அறுத்து வுட்டவரு.

— ஒரு நிமிஷம் லைட் அப்படி இருந்துச்சு ஷாஸியா, நீ பாத்திருந்தா நீயே அறுத்திருப்ப. அண்ணா, நான் பொய் சொல்லலன்னு உங்களுக்கு நம்பிக்கை வரணும், அவ்வளவுதானே? கேமராவுல அன்னிக்கு எடுத்த எல்லாமே அப்படியே கெடக்கு. நல்லா வந்த ஒண்ணை மட்டும் எடுத்து அனுப்பிச்சேன், மத்தத நானே இன்னும் பாக்கல. வாங்க, நெழலுக்கு வாங்க. ஷாஸியா, அந்தக் கண்ணாடியக் குடு.

— கண்ணாடி கார்ல இருக்கு.

— சாவிய வாங்கிக் கொண்டா.

— சாவியத் தர முடியாது. கண்ணாடி வேணும்னா நானே தொறந்து எடுத்தாரேன்.

— வுடுங்க, இப்படிக் கொஞ்சம் தள்ளிப் புடிச்சா தெரியுது. இதோ, முதல் படம். பாறை தெரியுதா? பனி தெரியுதா?

— தெரியுது. மரம் எங்க?

— மரம்... இருங்க. இதுல இல்ல.

— இல்லியா?

— பனி மறைச்சிருக்கும். அடுத்ததப் பாக்கலாம். இதோ, இதுல இருக்கு பாருங்க. நான் சொல்லல?

— இருக்குதான். ஆனா சார், இது பாறைக்கு நொட்டாங்கை பக்கமா இல்ல கீது?

— இல்லியே. ஆமா. நான் கேமராவ நவுத்தியிருப்பேன்.

— பாறை நவுரலியே சார். மலை நவுரலியே. மரம் மட்டும் நவுந்துக் கீது.

— அடுத்தது. இதுல பாறைக்குப் பின்னால பாதி தெரியுது. அடுத்ததுல சோத்துக்கை பக்கம் வந்துடுச்சு. இதான் பரிசு வாங்கினது. இதுக்கு அடுத்ததுல... காணோம்.

— மரம் நடக்குது சார்.

— காத்துண்ணா. காத்து அடிச்சா அப்படித் தெரியும்.

— காத்து அடிச்சா மரம் ஆடும். எடம் மாறி நிக்குமாங்க?

— நீ சும்மா இரு ஷாஸியா. எனக்குத் தலை சுத்துது.

— இது முனி சார். எங்க பாட்டன் சொல்லுவாரு, பனி எறங்கினா சரிவுல ஒண்ணு நடக்கும்னு. நீ முனியப் புடிச்சு காலண்டர்ல போட்டுட்ட. பரிசும் வாங்கிட்ட. இனி நம்ம ரெண்டு பேரும் வெளங்கினாப்லதான்.

— அண்ணா, முனியும் இல்ல ஒண்ணும் இல்ல. பெருசு பண்ணிப் பாக்கறேன், இருங்க. இது தண்டு. மேல கவுத்து வெச்ச சட்டி மாதிரி தழை. கீழ... கீழ இது என்ன?

— காலு.

— கால் எப்படி?

— காலுதான் சார். ஒண்ணு முன்னால, ஒண்ணு பின்னால. மரம் இல்ல, மனுஷன். நல்லாப் பாரு, மனுஷன் நடந்து போறான்.

— ஆளா? என் படத்துல ஆளா?

— ஆளுதான் சார். ஆளேதான். அப்பாடி, மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா. மரமே இல்ல, நான் தப்பிச்சேன். ஜீப்பு வரட்டும், இதை அப்பிடியே ரேஞ்சர் மூஞ்சிக்கு நேரா நீட்டு.

— முடியாது.

— இன்னாது?

— மனுஷன் நெழல்கூட இருக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல? நெழல் என்ன, ஒரு முழு ஆளே நடு சென்டர்ல நிக்கிறான். இதைக் காட்டினா நான் செத்தேன். அழிச்சுடறேன்.

— சார், கேமராவக் கீழ வை. அழிச்ச, கடப்பாரை என் கைக்கு வந்துடும்.

— தசரதண்ணா, என் நெலமையும் கொஞ்சம் யோசிங்க.

— என் நெலமைய யாரு யோசிக்கிறது? நீ பேரு எழுதுன, நான் உள்ள போறேன். நாயமா சொல்லு.

— ஏங்க, அவரு சொல்றதுதான் நாயம்.

— தெரியும் ஷாஸியா. தெரியாமயா நிக்கிறேன்? ஒரு நிமிஷம் மூச்சு வுட வுடுங்க. சரி. சரிண்ணா. காட்டறேன். என் தப்பு, நானே சொல்றேன். மரம்னு நெனைச்சு எடுத்தேன், மனுஷனா இருந்துட்டான்னு சொல்றேன். பரிசு போனா போவட்டும்.

— நல்லா இரு சார். நீ மனுஷன். இந்தா சாவி. ஆனா ஒண்ணு கேக்கறேன்.

— கேளுங்க.

— யாரு அவன்?

— யாருன்னா?

— விடியக்காலையில, பனியில, என் நெலத்துல, தலையில அவ்ளோ பெரிய சுமைய வெச்சினு நடந்து போறானே, யாரு? அது இன்னா சுமை?

— வெறகா இருக்கும். தழையா இருக்கும்.

— வெறகு தூக்கறவன் பகல்ல தூக்குவான் சார். மறைஞ்சு மறைஞ்சு எதுக்குப் போறான்? அடியில நீ இன்னா எழுதிக்கிற? கடைசிச் சந்தனம். ஐயோ, வெட்டித் தூக்கினு போறவனையே படம் புடிச்சு, அதுக்குப் பேரும் வெச்சு, ரேஞ்சருக்கு அனுப்பிச்சிருக்கியே சார்.

— நான் எங்க அனுப்பினேன்?

— இவன் எவன்டா, உன் கூட்டாளியான்னு என்னைத்தான் கேப்பாங்க. மரம்னாகூட காணோம்னு சொல்லிக்கலாம். இது ஆளு. ஆளக் காட்டுடான்னுவாங்க. வாணாம் சார், அழிச்சுடு.

— இப்பதானே அழிச்சா அடிப்பேன்னீங்க?

— அப்ப அது வெறும் ஆளு சார். இப்ப திருடன்.

— இல்லண்ணா, ஒளிச்சா சந்தேகம் இன்னும் பெருசாவும். உண்மைய சொல்லிடுவோம்.

— உண்மை எதுன்னுதான் ஒருத்தனுக்கும் தெரியலியே. சார், சார், அந்த ஆளக் கொஞ்சம் பெருசா ஆக்கு. கோணலா நிக்கிறான் பாரு. தோள் அப்பிடியே கோபால்சாமி. அட, அவனேதான். தொப்பையப் பாரேன். என் மச்சான் தொப்பையேதான் அது. பாஞ்சாலிகிட்ட நான் சொன்னது நெசமாப் போச்சே.

— தொப்பையெல்லாம் ஒண்ணும் இல்ல. காத்துல துணி உப்பிக்கிச்சு.

— உனக்கு எப்பிடிமா தெரியும்?

— ஷாஸியா, உன்னைத்தான் கேக்கறாரு. உனக்கு எப்படித் தெரியும்?

— அண்ணா, வளைவுல புழுதி கெளம்புது, ஜீப்பு வந்துடுச்சு. யாரையும் காட்டிக் குடுக்க வாணாம். உங்க மச்சான்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்குங்க. அவங்க மரம் எங்கன்னு கேட்டா, இதோ உக்காந்திருக்குன்னு என்னைக் கை காட்டுங்க.

— உன்னையா?

— நீ அன்னிக்கு கார்ல இல்ல இருந்த?

— கார்ல உக்காருன்னு நீங்க சொல்லலீங்க. லென்ஸுக்குள்ள தலைய வுட்டுக்கிட்டு, தள்ளு தள்ளு, ஃப்ரேமை வுட்டு வெளிய போன்னு கைய ஆட்டினீங்க. உங்க ஃப்ரேம் எது வரைக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? போனேன். திரும்பிப் பாத்தா அப்பவும் கை ஆடுது. இன்னும் போனேன். தூறல் வேற. கருப்புக் குடை, கருப்பு புர்கா. பாறையத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததும் கை நின்னுது. சரி, வெளிய வந்துட்டோம் போலன்னு அப்படியே நின்னுட்டு, அப்பறம்தான் கார்ல போய் உக்காந்தேன்.

— தங்கச்சி, நீ ரேஞ்சர்கிட்ட இதை அப்பிடியே சொல்லுமா. உன் காலுல வுழறேன்.

— சொல்றேண்ணா. இவருகிட்ட இந்த எடத்துல வெச்சு சொல்லிடணும்னுதான் இன்னிக்குக் கூட வந்தேன்.

— ஷாஸியா. காலண்டர் வூட்டுக்கு வந்த அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. இத்தினி நாள் ஏன் மறைச்ச?

— எப்படிங்க சொல்றது? நமக்குக் கல்யாணம் ஆனதுலேருந்து நீங்க என்னை எடுத்த படம் அது ஒண்ணுதான்.